டப்பாவுக்கு மாசச் சம்பளம்

வா அப்புனு. இக்கட்டால நெழல்ல உக்காரு. நோம்பிக்கு லீவு போட்டு அமெரிக்காவுல இருந்து வந்த புள்ளைக்கு மூஞ்சி ஏன் இப்படிக் கூம்பிப் போயிருக்குது? டிவியில ஓடறதப் புடிச்சு வெச்சு, நெனச்சப்பப் போட்டுப் பாக்கற டப்பா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறயாக்கும். டப்பாவுக்கு ஒரு ரேட்டு, அது வேலை செய்யறதுக்கு மாசாமாசம் இன்னொரு ரேட்டுன்னு போட்டிருக்கறானாக்கும். இது ஞாயமா அப்பிச்சின்னு எங்கிட்டக் கேக்க வந்துட்டே. ஏங்கண்ணு, பெரிய காலேஜ்ல கம்ப்யூட்டர் படிச்சது நீ. அஞ்சாப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டுட்டு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனவன் நானு. கேள்வி எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம் வருது பாத்தியா?

சரி, கேட்டுப்போட்டே. நீ என்னமோ உனக்குன்னு புதுசா வந்த வெசனம்னு நெனைக்கறே. இந்த ஓரியாட்டம் ஆரம்பிச்சப்ப நீ ட்ரவுசர் கூடப் போடலை.

உங்க பெரியம்மா ஊட்டுக்குப் போயிருந்தமே, சான் ஹோசே பக்கம். அங்க அல்விசோன்னு ஒரு எடம், உப்பளத்து ஓரமா. இந்த மாதிரி டப்பா செஞ்ச டிவோங்கற கம்பெனி அங்கதான் இருந்துச்சு. மாப்பிள்ளை காரை மெதுவா ஓட்டி, அதா பாருங்க மாமா, அதுதான்னு காமிச்சாரு. எறங்கிக் கும்புடோணுமா, உள்ள இருந்தே கும்புட்டாப் போதுமான்னு எனக்கு வெளங்கலை. அவருக்கு அந்த டப்பா மேல அத்தனை பக்தி. ஊட்டுக்குப் போற வழி பூராம் அதோட தல புராணத்தைச் சொல்லிக்கிட்டே வந்தாரு. எனக்கும் கேக்கறதுக்குச் சொகமாத்தான் இருந்துச்சு.

ஜிம் பார்ட்டன், மைக் ராம்சேன்னு ரெண்டு பேரு. 1997ல கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1999 மார்ச் மாசம் முடியற அன்னைக்கு மொத டப்பா வெளிய போச்சு. பிலிப்ஸ் கம்பெனி செஞ்சு குடுத்த டப்பா. 14 மணி நேரம் புடிக்கறது 499 டாலரு. 30 மணி நேரம் புடிக்கறது 999 டாலரு. அன்னைக்கு அது லேசுப்பட்ட காசா? அதோட உட்டானா? மாசம் 9 டாலர் 95 காசு சந்தா. மாசாமாசம் கட்டப் புடிக்காதவங்க 199 டாலரை ஒரே மூச்சுல கட்டிப்போட்டா ஆயுசு பூராத்துக்கும் போதும்னான். ஆயுசுன்னா யாரு ஆயுசு? இரு, அந்தக் கூத்துக்கு வர்றேன்.

அதே வருசம் ரீப்ளே டிவின்னு எதுத்தாப்புல இன்னொருத்தன் கடை போட்டான். அந்தோணி வுட்டுன்னு ஒரு ஆளு. இப்ப உங்க ஊட்டு டிவியில செருகி வெச்சிருக்கறீங்களே ரோக்கு, அதைப் பொறவு ஆரம்பிச்சவரும் அவருதான். அவரு என்ன சொன்னாரு? சந்தாவே வேண்டாம், எல்லாம் டப்பா வெலையிலயே அடக்கம்னாரு. வெலை மட்டும் அவங்களுதுக்கு மேல எச்சா. நேர்மையான பேச்சுத்தானே? சனம் எந்தக் கடைக்குப் போச்சு தெரியுமா? மாசச் சந்தா கேட்ட கடைக்கு. வெலைச் சீட்டுல நம்பர் சின்னதா இருந்தாப் போதும், மிச்சத்தைப் பொறவு பாத்துக்கலாம்னு நெனைக்கற புத்தி உனக்கு மட்டும் இல்லை அப்புனு, ஒலகம் பூராம் இருக்குது. கடைசில ரீப்ளே டிவியவும் 2002ல டப்பா வெலையக் கொறச்சு, தனியா மாசச் சந்தா போட வெச்சுட்டாங்க. அதே 9 டாலர் 95 காசு. வாங்கறவன் ஏமாந்தானா, விக்கறவன் ஏமாத்தினானா, நீயே சொல்லு.

இப்ப ஞாயத்துக்கு வருவோம். சந்தா எதுக்குன்னு கேட்டா அவிய சொல்றது இது: டப்பாவுக்கு எந்தச் சேனல்ல எந்த நேரத்துல என்ன படம்னு தெரியோணுமல்ல? அந்தப் பட்டியலை யாராச்சும் எழுதோணும். அமெரிக்காவுல அதை எழுதி விக்கறதுக்குன்னே கம்பெனி இருக்குது. அந்தக் காலத்து டப்பா ராத்திரியானா ஊட்டு டெலிபோன் லைன்ல தானா நம்பர் போட்டு, அன்னன்னைக்குப் பட்டியலை வாங்கிக்கும். பேரைச் சொன்னாப் போதும், வாரம் பூராம் அந்த நாடகம் எப்ப வந்தாலும் தேடிப் புடிச்சு வெக்கும். நேரம் மாறினாலும் தெரிஞ்சுக்கும். அது நெசமாவே ஒரு வேலைதான். வேலை செஞ்சவனுக்குக் கூலி குடுக்காதேன்னு உங்கப்பிச்சி சொல்லுவனா?

அந்தக் காலத்துல தெருவுல அம்மி கொத்தறவரு வருவாரு. அம்மி கொத்தலையோ, ஆட்டாங்கல் கொத்தலையோன்னு சத்தம் கேக்கும். வந்தா கொத்துவாரு, கூலி வாங்குவாரு, போவாரு. ஆறு மாசம் அவரு வரலீன்னா என்ன ஆகும்? அம்மி கொஞ்சம் மழுங்கும். சட்டினி கொஞ்சம் திப்பி திப்பியா இருக்கும். ஆனா கொத்துக்கூலி குடுக்கலீங்கறதுக்கோசரம் அம்மி அரைக்க மாட்டேன்னு சொன்னதா யாராச்சும் கேள்விப்பட்டிருக்கறீங்களா? என்ற அம்மி, என்ற ஊடு, என்ற மொளகா, என்ற கை. அதை நிறுத்தறதுக்கு அந்தாளுக்கு ஏது பாத்தியம்?

டப்பாவுல நடந்தது இதுக்கு நேர் எதிரு. கம்பெனியே செஞ்சு வித்த ரெண்டாந் தலமொறை டப்பாவுல சந்தா நின்னா பட்டியல் மட்டும் நிக்கலை, புதுசாப் புடிக்கறதே நின்னு போச்சு. வியாழக்கெழமை எட்டு மணியில இருந்து ஒம்பது வரைக்கும் இந்தச் சேனலைப் புடின்னு கையால அமுக்கினாலும் புடிக்காது. அதுக்குப் பட்டியல் எதுக்கு? கெடியாரம் உள்ள இருக்குது. ஹார்டு டிஸ்க்கு உள்ள இருக்குது. ஆன்டெனா உன்ற கூரை மேல. கரண்டு பில்லு உன்ற பேர்ல. அவன் செய்யற வேலை இதுல எங்கடா வருது? வேலையே இல்லாத எடத்துல கூலி கேட்டா அதுக்கு வேற பேரு.

சந்தா இல்லாமப் புடிக்க முடியாதுன்னு சொல்லறதுக்கும் வழியில்லை. 2003, 2004 வாக்குல தோஷிபா, பயனியர் செஞ்ச சில டப்பாவுல டிவோ பேசிக்குன்னு ஒண்ணு குடுத்தாங்க. சந்தா கெடையாது. மூணு நாள் பட்டியல் சும்மாவே வரும், புடிக்கறதும் புடிக்கும். ஆக, மனசு வெச்சா முடியும். அவிங்களே செஞ்சு காமிச்சாங்க. அப்ப முடியாதுங்கறது மிசினுக்கா, மனசுக்கா?

எங்க காலத்துல டெக்குன்னு ஒண்ணு இருந்துச்சு, நீ பாத்திருக்க மாட்டே. கோயில் நோம்பின்னா டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்தாந்து, களத்து மேட்டுல விடிய விடிய மூணு படம் போடுவாங்க. அந்த டெக்குல டிவியில ஓடறதப் புடிக்கவும் முடியும். அதுக்கே அமெரிக்காவுல பெரிய கேஸு. சினிமா எடுக்கற யுனிவர்சலும் டிஸ்னியும் சோனி மேல 1976ல போட்டாங்க. டிவியில வர்றதை ஊட்டுல புடிச்சுப் பாத்தா எங்க பொழப்புப் போச்சுன்னு கூப்பாடு. 1984ல அவங்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லுச்சு: ஊட்டுக்காரன் பொறவு பாக்கறதுக்குன்னு புடிச்சு வெச்சா தப்பில்லை. அஞ்சு ஜட்ஜு இப்படி, நாலு ஜட்ஜு அப்படி. ஒரே ஒரு ஆளு மாறி ஓட்டுப் போட்டிருந்தா உன்ற கேள்விக்கே எடமில்லாமப் போயிருக்கும். அந்த டெக்குக்கு யாரும் மாசச் சந்தா கட்டலை. அதுல மணி கூட வெக்கத் தெரியாம பன்னண்டு பன்னண்டுன்னு கண்ணடிச்சுக்கிட்டே கெடக்கும். அப்பவும் அது புடிக்கமாட்டேன்னு மொரண்டு புடிச்சதில்லை.

எங்களுக்கும் சந்தா தெரியாதுன்னு நெனைச்சுப்போடாதே. அந்தக் காலத்துல ரேடியோ வெச்சிருந்தா போஸ்டாபீசுல போயி வருசா வருசம் லைசென்சு கட்டோணும். சின்னப் புஸ்தகம் குடுப்பாங்க, அதுல ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்துவாங்க. லைசென்சு இல்லாத ரேடியோவைத் தேடி ஆளு வருவான், சனம் அதைப் போர்வைக்குள்ள சுருட்டி ஒளிச்சு வெக்கும். பாட்டுப் பாடறதுக்கு ஆளு வேணும், ஸ்டேசன் நடத்தோணும், அதுக்குன்னு கவர்மென்டு காசு கேட்டுச்சு. சரி. ஆனா லைசென்சு கட்டலீன்னா ரேடியோ வாயை மூடிக்கலை. ஒளிச்சு வெச்ச போர்வைக்குள்ள இருந்தும் பாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

ஆயுள் சந்தாவுக்கு வர்றேன்னனல்ல? கேளு. 199 டாலரு ஆயுளுக்கு. மாசம் 9 டாலர் 95ன்னா இருவது மாசத்துல அந்தக் காசு சரியாப் போயிரும். அதுக்கு மேல எல்லாம் லாபம்னு மாப்பிள்ளை கணக்குப் போட்டிருந்தாரு. என்ற ஆயுசு எத்தனையோ, அதுவரைக்கும் பாக்கலாம்னு நானும் நெனச்சேன். பொடி எழுத்துல பாத்தா ஆயுசு உன்றதில்லை, என்றதில்லை, டப்பாவோட ஆயுசு. டப்பா மண்டையப் போட்டா உன்ற 199ம் அதோட கூடவே பாடையேறும். நீ குத்துக்கல்லாட்டம் இருந்தும் பிரயோசனமில்லை. அதனால என்ன ஆச்சு? ஆயுள் சந்தா கட்டின பழைய டப்பா, கட்டாத டப்பாவை விட நெம்ப வெலைக்குக் கைமாறுச்சு. சனம் டப்பாவை வாங்கலை கண்ணு, டப்பாவோட ஜாதகத்தை வாங்குச்சு.

2006ல அந்த ஆயுள் சந்தாவையே தூக்கிப்போட்டாங்க. மாசாமாசம்தான், ஒப்பந்தம் போட்டுத்தான், நடுவுல விட்டா அபராதம்னாங்க. பொறவு திரும்பக் கொண்டாந்தாங்க. வெலையும் ஏறிக்கிட்டே போச்சு. இங்கிலாந்துல இன்னும் விசேசம். 2000த்துல அங்க டப்பா வந்துச்சு. ரெண்டு மூணு வருசத்துல விக்கறதை நிறுத்திட்டாங்க. ஆயுள் சந்தா கட்டினவங்க ஏமாந்தமோன்னு நெனைக்காதபடிக்குப் பட்டியல் வந்துக்கிட்டே இருந்துச்சு. 2011 ஜூன் மாசம் பொறந்துச்சு, பட்டியலும் நின்னு போச்சு. டப்பா நல்லாத்தான் இருக்குது. மனுசனும் நல்லாத்தான் இருக்கறான். நடுவுல ஆயுசு மட்டும் முடிஞ்சு போச்சு. இதுக்கு எங்க ஊர்ல எழவு கூட விழ முடியாது, யாரு வாசல்ல போயி விழறது?

காசு வாங்கறவன் அப்படியே மரியாதையா ஓரமா நிப்பான்னு நெனைச்சயா? 2002ல இங்கிலாந்துல டப்பா வெச்சிருந்தவங்க ஒரு நாள் பாத்தா, பிபிசி நாடகம் ஒண்ணு தானாப் புடிச்சு உக்காந்திருக்குது. யாரும் கேக்கலை. விளம்பரத்துக்கோசரம் கம்பெனியே உள்ள போட்டுப்போச்சு. காசு குடுக்கறது நீ, உன்ற பரண்ல சாமான் வெக்கறது அவன்.

இன்னொண்ணு, மெதுவாச் சொல்றேன், அம்மாயி உள்ள இருக்கறா. 2004ல அமெரிக்காவுல சூப்பர் பௌலுன்னு பெரிய பந்தாட்டம். நடுவுல ஜேனட் ஜாக்சன்னு பாட்டுக்காரி ஆடறப்ப மேல்துணி வெலகிப் போச்சு. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்ச சங்கதி. மறுநாள் டிவோ கம்பெனி என்ன சொல்லுச்சு தெரியுமா? எங்க டப்பாவுல இதுவரைக்கும் சனம் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்ததுல இதுதான் மொதலாவதுன்னு பெருமையாச் சொல்லுச்சு. அப்பத்தான் சனத்துக்கு ஒறைச்சுது. நான் எதைத் திருப்பிப் பாத்தேன்னு உனக்கு எப்படிடா தெரியும்? தனித்தனி ஆளு பேரெல்லாம் பாக்கறதில்லை, மொத்தமா எண்ணறோம்னு கம்பெனி சமாதானம் சொல்லுச்சு. இருக்கட்டும். ஆனா காசு வாங்கிக்கிட்டு நம்மளையே எட்டிப் பாக்கறவனுக்கு, நாமதானே அவங்கிட்டக் கூலி கேக்கோணும்?

விளம்பரம் இல்லாமப் பாக்கலாம்னு சொல்லித்தானே வாங்கினீங்க? 2005 வாக்குல விளம்பரத்தை ஓட்டித் தள்ளறப்பவே அதுக்கு மேல இன்னொரு விளம்பரம் காட்டினான். 2019ல நீ புடிச்சு வெச்சதைப் போட்டா, அது ஆரம்பிக்கறதுக்கு முந்தியே ஒரு விளம்பரம். சந்தாவும் கட்டு, சந்தையும் பாரு.

இந்த விசயத்துல ரீப்ளே டிவிக்காரன் ரோசக்காரன். 2001ல விட்ட டப்பாவுல விளம்பரத்தைத் தானாத் தாண்டிப் போற வித்தையும், புடிச்சதை இன்னொரு ஊட்டு டப்பாவுக்குத் தாட்டி விடற வித்தையும் வெச்சான். டிவிக்காரனும் சினிமாக்காரனும் ஒண்ணு சேந்து கேஸு போட்டு, வக்கீலுக்குக் காசு குடுத்தே அந்தக் கம்பெனியோட முதுகெலும்பு ஒடிஞ்சு போச்சு. 2003ல திவாலு. அடுத்து வாங்கினவன் மொத வேலையா அந்த ரெண்டு வித்தையையும் புடுங்கிப்போட்டான். நல்லது செய்யறவன் நாலு வருசந்தான்.

இதெல்லாம் பாத்துப்போட்டு, நாமளே செஞ்சுக்கலாம்னு ஒரு கூட்டம் கெளம்புச்சு. 2002ல மித் டிவின்னு இலவசமா ஒரு சாப்ட்வேர். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி நிறுத்தி, கார்டு செருகி, ராத்திரி பூராம் ஸ்க்ரூ டிரைவரும் கையுமா உக்காந்திருந்தாங்க. மாசம் பத்து டாலர் மிச்சம் புடிக்கறதுக்கு ஐநூறு டாலர் சாமான் வாங்கினவங்களும் உண்டு. இந்தச் சிக்கனத்துக்கு முன்னால எங்கூர்க் கஞ்சக் கெழவியே தோத்துருவா. பட்டியலை மட்டும் ஸாப்டுஇட் லேப்ஸ்னு ஒரு எடத்துல இருந்து ஓசியில வாங்கிக்கிட்டிருந்தாங்க. 2007 செப்டம்பர் மொத தேதியோட ஓசி முடிஞ்சுதுன்னு கதவைச் சாத்திப்போட்டாங்க. அப்ப அழுதாங்களா? இல்லை. ஷெட்யூல்ஸ் டைரக்டுன்னு லாப நோக்கமில்லாத சங்கம் ஒண்ணு வெச்சாங்க. ஆளுக்கு வருசத்துக்குக் கொஞ்சம் போட்டு, அதே பட்டியலைக் காசு குடுத்து வாங்கி, எல்லாரும் பங்கிட்டுக்கிட்டாங்க. எவன் எத்தனை குடுத்தான், எதுக்குப் போச்சுன்னு தெரியும். குடுக்காதவனோட கம்ப்யூட்டரை யாரும் பூட்டலை.

பாத்தயா அப்புனு? இலவசம் இலவசம்னு கொடி புடிச்ச கூட்டமே பட்டியலுக்குக் காசு குடுக்கோணும்னு ஒத்துக்குச்சு. அதனால உன்ற கேள்விக்குச் சந்தாவே கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன். எழுதறவனுக்குக் குடு. ஆனா எழுதறவனுக்குக் குடுக்கற காசை வெச்சு என்ற ஊட்டுச் சாமானுக்குப் பூட்டுப் போடாதே. இத்தனைதான் வழக்கு. இதுக்கு எதுக்குடா இருவத்தஞ்சு வருசம்?

இன்னொரு சூட்சுமம் சொல்லட்டுமா? 2009ல அமெரிக்காவுல பெரிய டிவி ஸ்டேசனெல்லாம் டிஜிட்டலுக்கு மாறுச்சு. அதுல ஒவ்வொரு ஸ்டேசனும் படத்தோட சேத்து அடுத்த அரை நாளைக்கு என்ன ஓடும்ங்கற பட்டியலையும் காத்துலயே அனுப்போணும்னு விதி. ஆன்டெனா வெச்சிருந்தா அதுவும் சும்மா வந்து விழுகுது. பதினஞ்சு நாளைக்கு வேணும், நடிகன் பேரைச் சொல்லித் தேடோணும்னா காசு குடு. இன்னைக்கு ராத்திரி என்ன படம்னு தெரிஞ்சாப் போதும்னா எதுக்குக் குடுக்கறே? வானத்துல இருந்து ஓசியில வர்றதையும் ஒருத்தன் சீசாவுல அடைச்சு உங்கிட்டயே விக்கறான், நீயும் சீசா நல்லா இருக்குதுன்னு வாங்கறே.

2014ல வந்த கூத்துத்தான் உச்சம். ஆன்டெனா வெச்சிருக்கறவங்களுக்குன்னு டிவோ டப்பா ஒண்ணு விட்டான். வெலை 49 டாலர் 99 காசு. அடடா, சல்லிசுன்னு சனம் ஓடுச்சு. சந்தா மாசம் 14 டாலர் 99. ஒரு வருசத்துக்குக் கூட்டிப் பாரு, 180 டாலருக்குப் பன்னண்டு காசு கொறையும். டப்பா வெலையப் போல மூணரை மடங்கு, அதுவும் மொத வருசத்துக்கு மட்டும். சுண்டக்கா காப்பணம், சொமகூலி முக்காப்பணம்னு நாங்க சும்மாவா சொல்லி வெச்சோம்? சொமக்கறவனாச்சும் ஊடு வந்து எறக்கி வெச்சுப்போட்டுப் போயிருவான். இவன் வருசா வருசம் சொமந்துக்கிட்டே இருக்கறான்.

அதே வருசம் சேனல் மாஸ்டர்னு ஒருத்தன் 249 டாலருக்கு டப்பா வித்தான். சந்தா இல்லை, பட்டியலும் உண்டு. ரெண்டாவது வருசம் முடியறதுக்குள்ள எது சல்லிசுன்னு வாய்ப்பாடு தெரிஞ்ச புள்ளை சொல்லிப்போடும். டேப்லோன்னு ஒண்ணு மொதல்ல மாசம் 5 டாலரு வாங்கிக்கிட்டிருந்தான், 2023ல 100 டாலருக்கு விட்ட புது டப்பாவுல சந்தாவே வேண்டாம்னுட்டான். உலகம் இடிஞ்சு விழுந்துருச்சா? டிவோக்காரன் என்ன ஆனான்னு கேக்கறயா? கம்பெனி கை மாறி மாறிப் போயி, 2025ல டப்பா விக்கறதையே நிறுத்திப்போட்டான். மாப்பிள்ளை அன்னைக்குச் சரியாச் சோறு திங்கலைன்னு உங்க பெரியம்மா போன்ல சொன்னா.

அந்தப் பக்கத்து ஞாயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிப்போடறேன், இல்லீன்னா பொறவு ஒருதலைப்பட்சம்னு பேசுவே. டிவோக்காரன் அந்தச் சந்தாவுல கோட்டை கட்டலை. டப்பா வெலையக் கொறச்சுக் காட்டறதுக்குக் கையக் கடிச்சுக்கிட்டு, வருசக் கணக்கா நட்டத்துல ஓடினான். அவன் வித்தையப் பாத்து டிஷ்ஷுங்கற பெரிய கம்பெனி காப்பியடிச்சுதுன்னு கேஸு நடத்தி, 2011ல 50 கோடி டாலருக்கு ராசியானான். ஊடு ஊடாப் போயி பத்துப் பத்து டாலராத் தண்டினவனுக்கு, கோர்ட்டுல ஒரே எடத்துல வாங்கினது கனமான வசூலுதான். ஞாயமான வெலையப் பளிச்சுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா சனம் வாங்கியிருக்காது. சொல்லாம வித்ததுல அவனும் நிம்மதியா இருக்கலை. யாரைத் திட்டறதுன்னு எனக்கே சில நேரம் வெளங்கறதில்லை.

இப்ப டப்பாவே வேண்டாம்னு புதுசா ஒரு வழி வந்திருக்குதல்ல? மேகத்துல புடிச்சு வெக்கறாங்களாம். இதுக்கும் கோர்ட்டுல ஒரு தமாஸு. கேபிள்விஷன்னு நியூயார்க் பக்கத்துக் கேபிள்காரன், ஊட்டுல டப்பா எதுக்கு, எங்க ஆபீசுலயே உங்களுக்குப் புடிச்சு வெக்கறோம்னான். கேஸு போட்டாங்க. 2008ல மேல்கோர்ட்டு சரின்னுச்சு. எப்படிச் சரின்னுச்சு? ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனிக் காப்பி வெச்சிருக்கறான், அவனவன் காப்பியை அவனவன்தான் பாக்கறான், அதனால தப்பில்லைன்னு. ஆக ஒரே நாடகத்தை லட்சம் பேரு புடிச்சா, ஆபீசுல லட்சம் காப்பி. ஒண்ணு வெச்சாலே போதும்னு எங்கூட்டுக் கன்னுக்குட்டிக்குக் கூடத் தெரியும். சட்டத்துக்கு ஒத்தாசையா இருக்கோணும்னு அத்தனையும் அடுக்கி வெக்கறான். படிச்சவங்க செய்யறது எதையும் பழிக்கக் கூடாது, வேடிக்கை மட்டும் பாக்கோணும்.

யூடியூப் டிவின்னு இருக்குதே, 2017ல மாசம் 35 டாலர்னு ஆரம்பிச்சான். எத்தனை வேணும்னாலும் புடிச்சுக்க, அளவே இல்லைன்னான். அளவில்லைங்கறது நெசந்தான், ஆனா ஒம்பது மாசந்தான் வெச்சிருப்பான். 2025ல அது 82 டாலர் 99 காசு. சேனலுக்கும் சேத்துத்தான், இல்லைங்கலை. ஆனா கட்டறதை நிறுத்திப் பாரு. புடிச்சதும் போச்சு, புடிக்கற வழியும் போச்சு, தலைமாட்டுல வெச்சுக்க ஒரு காலி டப்பா கூட மிஞ்சாது. டப்பாவுக்குச் சந்தா ஞாயமான்னு இருவத்தஞ்சு வருசமா நீங்கள்லாம் வாய்ச் சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க. அவன் சத்தமில்லாம டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான், சந்தாவை மட்டும் உட்டுட்டுப் போயிட்டான்.

ஆமா, ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். புடிச்சு வெச்சதை என்னைக்காச்சும் பாத்திருக்கறயா? மாப்பிள்ளை ஊட்டு டப்பாவுல சமையல் நிகழ்ச்சி மட்டும் நூத்துக்கணக்குல கெடந்துச்சு. ராத்திரிக்கு பிரிட்ஜுல இருந்து பழைய பிரட்டை எடுத்துத் தின்னுக்கிட்டு, அந்த லிஸ்டை மேலயும் கீழயும் ஓட்டிக்கிட்டே தூங்கிப் போவாரு. பாக்கறதுக்கு நேரமில்லாதவனுக்குப் புடிச்சு வெக்கறதுக்கு மட்டும் மாசம் பதினஞ்சு டாலரு. அம்மாயி எந்த நாடகத்தையாச்சும் புடிச்சு வெக்கறாளா? நேத்து விட்டுப்போனதைக் காத்தாலப் பால் ஊத்தறப்பவே பக்கத்தூட்டுக்காரிகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கறா, அதுவும் விளம்பரம் இல்லாம. சில நாளைக்குப் பக்கத்தூட்டுக்காரி சொல்ற கதை நாடகத்தை விட நல்லா இருக்குது.

அட, கோவிச்சுக்காதே. வாங்கோணும்னா வாங்கு, ஆசைப்பட்டது. லீவு முடிஞ்சு அங்க போனதும் அந்தக் கடைக்கு நேராப் போயி, இது எத்தனை மணி நேரம் புடிக்கும், எத்தனை கலர்ல வருதுன்னெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்காதே. நான் காசு கட்டாத மாசம் இந்த டப்பா என்னென்ன செய்யும்னு ஒண்ணே ஒண்ணு கேளு. பட்டியல் மட்டும் வராதுங்க, மத்ததெல்லாம் ஓடும்னு டக்குனு சொன்னான்னா வாங்கிப்போடு. பதில் சொல்றதுக்கு முந்தி அவன் மேனேஜரைக் கூப்பிட்டான்னு வெய்யி, காசை ஜோப்புலயே அமுக்கிப் புடிச்சுக்கிட்டு வண்டிய எடுத்துரு.